புகைப்பெட்டிக்குப் பெரிய எலிமென்ட்: கேட்டவர்களுக்குப் பதில்

மட்டக்களப்புக் கல்லடியில் மோட்டார் சுற்றுவதும் மின்னடுப்பு திருத்துவதும் என் தொழில். இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் மின்பெட்டி என் பைத்தியம். அதன் எலிமென்ட்டை, அதாவது சூடாக்கும் கம்பியை, மாற்றுவது பற்றிக் கேளுங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் முன் ஒரு வார்த்தை: ஏர்த் இல்லாத பிளக்கில் இந்தப் பெட்டியை மாட்டாதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: கனடாவில் இருக்கும் அண்ணன் புகைப்பெட்டி ஒன்று அனுப்பியிருக்கிறார். 120 வோல்ற், 800 வாற் என்று பின்னால் ஒட்டியிருக்கிறது. எலிமென்ட்டை மட்டும் மாற்றினால் நம் கரண்டில் போடலாமா?

பதில்: தம்பி, இன்னும் மாட்டிப் பார்க்கவில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அந்த எலிமென்ட்டின் தடை 18 ஓம். 120 வோல்ற்றில் அது 800 வாற் தரும். நம் 230 வோல்ற்றில் அதே கம்பி 12.8 அம்பியர் இழுத்து 2,900 வாற்றுக்கு மேல் போகும். கொஞ்ச நேரம் பளீரென்று எரிந்துவிட்டு அறுந்துவிடும். அண்ணனுக்கு என்ன பதில் சொல்வதென்று பிறகு நீங்கள் யோசிக்க வேண்டிவரும்.

எலிமென்ட்டை மட்டும் மாற்றினால் போதாது. கதவுக்கு மேலே எண்கள் ஒளிரும் பலகை இருக்கிறதே, அதுவும் 120 வோல்ற்றுக்குச் செய்தது. அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். 230 வோல்ற்றில் ஓடும் வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும், பெட்டிக்குள் நீட்டிச் சூட்டை அளக்கக் கே வகை உணர்கம்பியும், 230 வோல்ற் 800 முதல் 1,200 வாற் வரையான காற்றுக்குரிய எலிமென்ட்டும் வாங்குங்கள். பெட்டியின் தகரமும் கதவு ரப்பரும் தட்டுகளும் அப்படியே பயன்படும். அண்ணன் அனுப்பியதில் மிச்சம் அவ்வளவுதான்.

மின்னை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோட் ஒன்றைப் போட்டுப் பாதியாக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பாதியாக்கினாலும் 1,470 வாற் வரும், 800 வாற் எலிமென்ட் அதைத் தாங்காது. அதே மாதிரி எலிமென்ட் இன்னொன்று கிடைத்தால் இரண்டையும் தொடராகக் கட்டலாம். ஒவ்வொன்றுக்கும் 115 வோல்ற் வரும். ஒன்று போனால் இரண்டும் நிற்கும், அவ்வளவுதான் குறை. ஆனால் அப்போதும் பலகை 120 வோல்ற் பலகைதான், மறந்துவிடாதீர்கள்.

காத்தான்குடியிலிருந்து: தண்ணீர்க் கேத்தலின் எலிமென்ட் வீட்டில் கிடக்கிறது, 2,000 வாற். பொருத்தலாமா?

பதில்: கூடாது. தண்ணீருக்கென்று செய்த எலிமென்ட் சிறிய உடம்பில் பெரிய சூட்டைத் தருவது. சுற்றியுள்ள தண்ணீர் அந்தச் சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் செய்கிறார்கள். காற்று அவ்வளவு வேகமாக வாங்காது. உறை சிவந்து, வெடித்து, உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரியும். ஏர்த் இல்லை என்றால் பெட்டியின் கைபிடியே உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

வெல்லாவெளியிலிருந்து: என்னுடையது 230 வோல்ற், 800 வாற். பகலில் 110 பாகை செல்சியஸ் வருகிறது. இரவு ஏழு மணிக்குப் பிறகு 90ஐத் தாண்டவே இல்லை. 1,500 வாற் போடட்டுமா?

பதில்: முதலில் ஏழு மணிக்கு வோல்ற்மானியைப் பிளக்கில் வைத்துப் பாருங்கள். 190 காட்டினால் உங்கள் 800 வாற் எலிமென்ட் 546 வாற்தான் தரும். மின்னழுத்தம், அதாவது வோல்ற், ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சூடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும், ஏனென்றால் வாற் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. லைனின் கடைசியில், வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை வீடுகளில் எல்லோரும் விளக்கும் மோட்டாரும் போடும் நேரத்தில் இது நடக்கும். பெரிய எலிமென்ட் போட்டால் அழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கும், பக்கத்து வீட்டு அம்மா உங்களைத் திட்டுவார். பகலில் சமையுங்கள்; அல்லது 1,200 வாற்றோடு நிறுத்துங்கள். பெட்டியைச் சுற்றி நல்ல காப்புப் பஞ்சு வைத்தால் அதுவே பாதி எலிமென்ட்டுக்குச் சமம்.

ஏறாவூரிலிருந்து: குளியலறைச் சுடுநீர்க் கருவியின் கொயில் போடலாமா?

பதில்: காத்தான்குடிக்கு எழுதியதைப் படியுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: 3 கிலோ நெஞ்சிறைச்சி வைத்தேன். நான்கு மணி நேரத்தில் உள்ளே 67 பாகை வந்தது. பிறகு நான்கு மணி நேரம் அதே 67. எலிமென்ட்டுக்கு வலுப் போதவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறதே, தம்பி? 1,500 வாற் போட்டால் நேரம் பாதியாகும் அல்லவா?

பதில்: காக்கா (அண்ணா), ஆகாது. பெட்டியின் காற்று 110 பாகையில் நின்றதா? நின்றது என்றால் எலிமென்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. கருவியை 110இல் வைத்திருந்தால் 800 வாற் போட்டாலும் 3,000 வாற் போட்டாலும் பெட்டி 110தான். பெரியது சீக்கிரம் அங்கே போய்ச் சேரும், கதவு திறந்து மூடினால் சீக்கிரம் திரும்பிவரும். வேறொன்றும் இல்லை. 67இல் நின்றதற்குக் காரணம் இறைச்சியின் ஈரம். மேற்பரப்பில் வியர்க்கும் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோகிறது. சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பது இதனால்தான்.

அக்கரைப்பற்று மீண்டும்: பானை வெளிக்காற்றில் இருக்கிறது. என் பெட்டி மூடியிருக்கிறது. ஆவி எங்கே போகும்?

பதில்: மேலே புகை போகும் துவாரம் வழியாகத்தான். அதை அடைத்துப் பாருங்கள், இறைச்சி அவித்தது போலாகி மேலே கறுப்பாகக் கசப்புப் படியும்.

சம்மாந்துறையிலிருந்து: நான் இடையில் வருகிறேன். கொழுப்பு உருகுவதுதான் சூட்டை விழுங்குகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஈரம் இல்லை.

பதில்: எல்லோரும் சொல்லட்டும். நான் இதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தேன். ஒரு தட்டில் நனைத்த பஞ்சு, இன்னொன்றில் மாட்டுக் கொழுப்புக் கட்டி, இரண்டிலும் வெப்பமானி குத்தி ஒரே பெட்டியில் வைத்தேன். கொழுப்பு எங்கும் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. ஒரு துளி கொழுப்புமில்லாத பஞ்சு பாதி வழியில் படுத்துவிட்டது, காயும்வரை எழும்பவில்லை. உங்கள் வீட்டிலும் பஞ்சு இருக்கும்.

கல்முனையிலிருந்து: அப்படியானால் சுற்றிக் கட்டினால் ஆவி போகாதே. வாழையிலை போதுமா?

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. 67இல் நிற்கத் தொடங்கியதும் அலுமினியத் தாளில் இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி மறுபடி வையுங்கள், ஏறும். வாழையிலை மணம் தரும், ஆனால் பெட்டிக்குள் காய்ந்து வெடித்து ஆவியை விட்டுவிடும். இலையைச் சுற்றி அதன் மேல் தாள் சுற்றினால் இரண்டும் கிடைக்கும்.

அக்கரைப்பற்று மூன்றாம் தடவை: சுற்றினேன். இரண்டு மணி நேரத்தில் 92க்கு வந்தது. ஆனாலும் 1,500 வாற் போடத்தான் போகிறேன்.

பதில்: போடுங்கள் காக்கா, உங்கள் காசு. 1,500 வாற் 6.5 அம்பியர் இழுக்கும். பழைய 5 அம்பியர் உருண்டைப் பிளக்கில் மாட்டாதீர்கள். 13 அல்லது 15 அம்பியரில், ஏர்த்தோடு. மரச்சீவல் தட்டையும் இரண்டு விரல் உயர்த்துங்கள். எலிமென்ட் பெரிதானால் சீவல் புகையாமல் தீப்பிடிக்கும்.

செங்கலடியிலிருந்து: ரைஸ் குக்கர் தட்டு?

பதில்: இல்லை.

பாலமுனையிலிருந்து: எலிமென்ட் புதிது, ஆனால் வயர் முனை மூன்றே மாதத்தில் கருகிவிட்டது. ஈயம் வைத்து ஒட்டியும் பார்த்தேன்.

பதில்: சாதாரண ஈயப்பற்று 183 பாகையில் உருகத் தொடங்கும், எலிமென்ட் முனை அதைத் தாண்டும். நிக்கல் பூசிய உருக்கு முனைகளை அழுத்தும் குறட்டால் இறுக்குங்கள். வீட்டு வயரின் பிளாஸ்ரிக் உறை 70 பாகைக்குத்தான் செய்தது. பெட்டிக்குள் சிலிக்கன் உறை அல்லது கண்ணாடி நார் உறை வயர் மட்டுமே. முனை தளர்ந்திருந்தால் அங்கேதான் சூடு பிறக்கும். பாதிப் பெட்டிகள் எலிமென்ட்டால் அல்ல, இந்த ஒரு தளர்ந்த முனையால்தான் சாகின்றன.

எலிமென்ட்டைப் போட்டு நிறுத்தத் திண்ம ரிலே (அசையும் பாகம் இல்லாத மின்சுவிச்) போடுகிறவர்களுக்கும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அது கெட்டுப்போகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடும். எலிமென்ட் நிற்காமல் எரியும், நீங்கள் தூங்குவீர்கள். சூடு மீறினால் அறுந்து மின்னை நிறுத்தும் வெப்ப உருகி ஒன்றைத் தனியாகத் தொடராகப் போடாமல் பெட்டியை விட்டு நகராதீர்கள்.

வாழைச்சேனையிலிருந்து: கார்த்திகை மழைக்குப் பிறகு பெட்டியைப் போட்டவுடன் ட்ரிப் சுவிச் விழுகிறது. சுவிச்சைக் கடந்து நேரடி வயர் கொடுத்தால் நன்றாக ஓடுகிறது.

பதில்: நன்றாக ஓடவில்லை ஐயா, உங்களைக் கொல்லக் காத்திருக்கிறது. இன்றே அந்த வயரைக் கழற்றுங்கள். எலிமென்ட் உறைக்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள் இருக்கிறது. வாவிக் காற்றில் இரண்டு மாதம் சும்மா கிடந்தால் அது ஈரத்தை உறிஞ்சும். மின்சாரம் உறைக்குக் கசியும். 30 மில்லி அம்பியர் சுவிச் விழும். சுவிச் செய்தது சரி. எலிமென்ட்டைக் கழற்றி மின் ஓவனில் 120 பாகையில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்துங்கள். பிறகு கம்பிக்கும் உறைக்கும் இடையிலான தடையை 500 வோல்ற் மெகரில் (மின்காப்பை அளக்கும் கருவி) அளந்து ஒரு மெகாஓமுக்கு மேல் வந்தால் பொருத்தலாம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது பெட்டியைச் சூடாக்கினால் இந்தத் தொல்லையே வராது.

ஆரையம்பதியிலிருந்து: பழைய குளிர்சாதனப்பெட்டியின் கூட்டுக்குள் 1,500 வாற் வைத்தால்?

பதில்: உள்ளே பிளாஸ்ரிக், அதன் பின்னால் நுரை. 100 பாகைக்குள் இளகி நாறும். உருக்குக் கூடு தேடுங்கள். துத்தநாகம் பூசிய தகரத்தையும் எலிமென்ட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

திருக்கோவிலிலிருந்து: மரமுந்திரிகைக் கோது ஏராளமாகக் கிடக்கிறது. புகைக்குப் போடலாமா?

பதில்: கோது வேண்டவே வேண்டாம், அதன் எண்ணெய் தோலையே பொசுக்கும். முந்திரிகை மரத்தின் காய்ந்த விறகு நல்லது. கொய்யா அதைவிட நல்லது. தேங்காய்ப் பொச்சு மட்டை மாசிக் கருவாட்டுக்குச் சரி, மாட்டிறைச்சிக்கு எனக்குப் பிடிக்காது.

ஓட்டமாவடியிலிருந்து: இப்படிச் செய்த இறைச்சியைக் கடையில் விற்க என்ன அனுமதி வேண்டும்?

பதில்: உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். நான் வயர்க்காரன்.

பொத்துவிலிலிருந்து: எல்லாம் படித்தேன். மொத்தத்தில் எனக்கு எத்தனை வாற் என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பதில்: பெட்டியின் உயரம், அகலம், ஆழம் எழுதுங்கள். பிளக்கில் ஏர்த் இருக்கிறதா என்று சோதித்து அதையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு வாற் பேசுவோம்.