படத்தின் பின்புறம்

அன்புள்ள ஐயா,

திராவிட முன்னேற்றக் கழகத்தின் வரலாற்றைப் பழைய புகைப்படங்களை வரிசைப்படுத்தியே சொல்லிவிடலாம் என்று என் நண்பர் வாதிடுகிறார். அவர் சேர்த்து வைத்திருக்கும் படங்களைப் பார்த்தேன். மேடை, மாலை, ஊர்வலம் என்று ஒரே காட்சிகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றைக் கொண்டு ஒரு கட்சியை அறிந்துகொள்ள முடியுமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

உங்கள் நண்பரின் கட்சியில் (வாதத்தைச் சொல்கிறேன்) பாதி நியாயம் இருக்கிறது. 1949 செப்டம்பரில் சென்னை ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. அந்த மழையைப் படம் காட்டக்கூடும். தலைவர் பதவியைப் பெரியாருக்கென்று காலியாக வைத்துவிட்டு அண்ணா பொதுச்செயலாளராக மட்டும் இருந்தார் என்பதை எந்தப் படமும் காட்டாது. இல்லாத ஒருவருக்காக ஒதுக்கப்பட்ட இடத்தைக் கேமரா பதிவு செய்வதில்லை.

அண்ணா, ஈ.வெ.கி. சம்பத், நெடுஞ்செழியன், மதியழகன், என்.வி. நடராசன் ஆகியோரைத் தொண்டர்கள் ஐம்பெரும் தலைவர்கள் என்றார்கள். 1961-இல் சம்பத் விலகினார். மதியழகனும் நெடுஞ்செழியனும் பின்னாளில் எம்.ஜி.ஆரின் கட்சிக்குச் சென்றார்கள். அண்ணாவும் நடராசனும் மட்டுமே கடைசிவரை கழகத்தவர்களாக இருந்து மறைந்தவர்கள். ஆகவே நண்பரின் தொகுப்பை ஆண்டு வரிசையில் புரட்டும்போது, யார் இருக்கிறார்கள் என்பதைவிட எந்த முகம் எந்த ஆண்டுக்குப் பிறகு வரவில்லை என்று பாருங்கள். பெண்களை எண்ணிப் பார்ப்பதும் நல்லது. 1967-இல் அமைந்த அண்ணாவின் அமைச்சரவையிலேயே சத்தியவாணி முத்து ஒருவர்தாம் பெண்.

வரலாற்றைப் பதிவு செய்யாமல் வரலாற்றை உண்டாக்கிய படமும் ஒன்று உண்டு. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதாவால் சுடப்பட்ட எம்.ஜி.ஆர்., கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த படம் சுவரொட்டியாகித் தமிழ்நாடெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதிக்கு நேரில் சென்று வாக்குக் கேட்க முடியாத வேட்பாளருக்காக அந்தக் காகிதமே வீதி வீதியாகப் போய் நின்றது. அவர் வென்றார், கழகம் ஆட்சிக்கு வந்தது. விலைவாசியும் அரிசித் தட்டுப்பாடும் 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அந்த வெற்றிக்குப் பெரிய காரணங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அரிசி இல்லாத பானையை யாரும் படம் எடுத்து ஒட்டவில்லை.

தலைவர்களின் படங்களைவிடக் கிளைக் கழகங்களின் குழுப்படங்களையே நான் நம்புகிறேன். எங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தது. முன்வரிசை நாற்காலிகளில் எட்டுப் பேர். நடுவில் வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர், மாலையைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறார். பின்வரிசையினர் பெஞ்சின்மீது ஏறி நிற்கிறார்கள். கரைத்துண்டு இல்லாத ஒருவர், பக்கத்தில் நிற்பவரின் துண்டில் பாதியைத் தம் தோளுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார். என் தந்தை இடக்கோடியில், பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்கிறார். மாலையில் படிப்பகத்தைத் திறந்து, எழுத்தறியாதவர்களுக்குக் கழக ஏடுகளை உரக்க வாசித்துக் காட்டியவர் அவர். அந்த வாசிப்பு நடந்த ஒரு நாளைக்கூட யாரும் படம் எடுக்கவில்லை. படம் எடுக்கப் பேச்சாளர் வரவேண்டியிருந்தது.

உங்கள் நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள்: படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்புறத்தையும் பார்க்கட்டும். எங்கள் படத்தின் பின்னால் அப்பா எல்லாப் பெயர்களையும் வரிசைப்படி பென்சிலால் எழுதியிருந்தார். 1972-இல் கட்சி பிளந்தபோது மறுபக்கம் போன மூவரின் பெயர்கள் மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றின்மேல், அடித்த கோட்டுக்கு மேலேயே, அதே பெயர் மறுபடியும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. துண்டைப் பகிர்ந்துகொடுத்தவரின் பெயர் அது.