கண்மாய்க் கண்காட்சி: மூன்று பகுதியாகப் பிரிக்காதீர்கள்

புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊர்ப் பள்ளி மண்டபத்தில் பத்து நாள் 'நீர்' என்ற தலைப்பில் கண்காட்சி வைக்கப் போகிறோம். பண்பாடு, அறிவியல், ஓவியம் என்று மூன்று பகுதி. பணம் அதிகம் இல்லை. எப்படி அமைத்தால் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள்?"

முதலில் அந்த மூன்று பகுதியைக் கைவிடுங்கள். அப்படிப் பிரித்தால் பிள்ளைகள் மாடல் இருக்கும் பக்கம் ஓடிவிடுவார்கள், பெரியவர்கள் பழைய பொருள்களிடம் நிற்பார்கள், ஓவியத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்திருக்கும் இடங்களைத் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. 'நீர்' என்பதும் ரொம்பப் பெரிய தலைப்பு, கடலிலிருந்து கேன் தண்ணீர் வரை எல்லாம் உள்ளே வந்துவிடும். அதை ஒரு கேள்வியாகச் சுருக்குங்கள்: நம் கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு எப்படிப் போனது, அதை யார் திறந்துவிட்டார்கள்? ஒரு பொருளை உள்ளே வைக்கலாமா வேண்டாமா என்று உங்களுக்குள் சண்டை வரும்போது இந்தக் கேள்விக்கு அது பதில் சொல்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

உங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு நடுநாயகமாக என்ன வைப்பது என்று யோசிக்கவே வேண்டாம், குமிழித்தூம்பு இருக்கிறது, கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் பழைய கல் மடை. கண்மாய்க்குள் இரண்டு கல்தூண் நிற்குமே, அதன் அடியில் ஒரு கல்பெட்டி, பெட்டியின் மேலே தண்ணீர் இறங்கும் நீரோடித் துளை, கீழே தரையை ஒட்டிச் சேறோடித் துளை, அங்கிருந்து கரைக்கு அடியில் சுரங்கக் கால்வாய். நீந்திப் போய் அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் வயலுக்குப் போகும், கூடவே அடியில் படிந்த வண்டலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். இதில் அறிவியல் எங்கே முடிகிறது, பண்பாடு எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு போட முடியாது. பல தூண்களில் தூம்பு செய்து கொடுத்தவரின் பெயரும் வெட்டியிருக்கிறது.

இதை ஓடும் மாடலாகச் செய்யுங்கள். மீன்தொட்டிக் கடையில் ஒரே அளவில் இரண்டு தொட்டி வாங்கி, இரண்டிலும் அக்ரிலிக் பெட்டி வைத்துக் குழாய் இணையுங்கள். ஒன்றில் இரண்டு துளையும் இருக்கட்டும், மற்றதில் மேல்துளை மட்டும். அடைப்பைப் பார்வையாளரே தூக்க வேண்டும், அதுதான் முக்கியம். வண்டலுக்குக் களிமண்ணைப் போட்டுவிடாதீர்கள், மணிக்கணக்கில் கலங்கியே கிடக்கும், அடுத்து வருபவருக்கு ஒன்றும் தெரியாது. சலித்த நைஸ் மணல் சீக்கிரம் படிந்துவிடும். நீர்மட்டம் இறங்க இறங்கக் குழாயில் பீய்ச்சும் வேகம் குறைவதைப் பிள்ளைகள் தாங்களாகவே கவனிப்பார்கள். அங்கே ஒரே ஒரு வரி போதும்: ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்குதான் ஆகும், 1 மீட்டர் ஆழத்தில் நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர், 4 மீட்டரில் சுமார் 8.9. மோட்டார் வைத்துத் தண்ணீரைத் திருப்பி ஏற்றுவதாக இருந்தால் மின் இணைப்பில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் சுவிட்ச்) கட்டாயம், தண்ணீரும் கரண்டும் பிள்ளைகளும் ஒரே இடத்தில் இருக்கப் போகிறார்கள்.

அதே மேசையின் மறுமுனையில் தூண் கல்வெட்டை வையுங்கள். ஒரு சிற்பியிடம் சொல்லிச் சிறிய கல்லில் இரண்டு வரியை வெட்டி வாங்கி, மேலே தாளை வைத்து மெழுகுக் கலரால் தேய்த்து எழுத்தை எடுக்க விடுங்கள். உண்மையான கல்வெட்டில் இதைச் செய்யவே கூடாது, யாரும் கண்மாய்க்குப் போய் முயன்று பார்க்கக் கூடாது என்பதையும் அங்கேயே எழுதி வையுங்கள்.

ஓவியத்துக்கு நீங்கள் தூரமாகப் போக வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்துச் சித்தன்னவாசல் குகைக் கோயிலின் கூரையில் இருப்பதே ஒரு தாமரைக் குளம்தானே, மீன், பறவை, எருமை, யானை, பூப் பறிக்கும் ஆட்கள் என்று. அதன் போட்டோவைப் பெரிதாக அச்சடித்து மாட்டுவதோடு நின்றுவிட்டால் ஜனங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரு ஓவியரை உட்கார வைத்துக் காவிக்கல், கரி, சுண்ணாம்பு என்று அரைத்து உங்கள் ஊர்க் கண்மாயை வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் அடுப்பு வைத்து மஞ்சள் காவியை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்துக் காட்டுங்கள், கொஞ்ச நேரத்தில் செங்காவியாக மாறிவிடும். இரும்புக் கனிமத்தோடு பிணைந்திருந்த நீர் வெளியேறுவதால் வரும் நிறம் அது. நீர்க் கண்காட்சிக்கு இதைவிட நல்ல வேதியியல் எனக்குத் தெரியவில்லை. அடுப்புப் பக்கம் பெரியவர் ஒருவர் நின்றே ஆக வேண்டும். ஓவியரை இப்போதே உங்கள் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், எல்லாம் முடிந்தபின் அலங்காரத்துக்கு அழைத்தால் அலங்காரம்தான் கிடைக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவில் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகம், 1974 முதலே கலைஞர்களை உள்ளே தங்கி வேலை செய்ய அழைத்து வந்திருக்கிறது.

பண்பாடு என்றதும் பெருமை மட்டும் பேசுகிற பழக்கம் நமக்கு உண்டு. யார் திறந்துவிட்டார்கள் என்ற கேள்விக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியத்தை, அதாவது ஏரியைப் பார்த்துக்கொள்ளக் குடவோலையில் தேர்ந்தெடுத்த குழுவைக் காட்டுவீர்கள், காட்டுங்கள், குடத்தில் ஓலை போட்டு எடுக்கிற விளையாட்டும் வையுங்கள், நன்றாகவே ஓடும். ஆனால் சோழ மன்னன் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டு விதிப்படி 35 முதல் 70 வயதுக்குள், பொதுவாகக் கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவர் பெயர்தான் குடத்துக்குள் போகும், அது ஒரு பிராமண ஊரின் சபை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தண்ணீரைத் திறந்தவர்களும் கரை மண் சுமந்தவர்களும் அந்த ஓலையில் இல்லை. உங்கள் ஊரில் மடை பார்த்த குடும்பங்கள் இருந்தால் அவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள், சம்மதம் கேட்டு, பெயரோடு போடுங்கள், பணமும் கொடுங்கள்.

விளக்கம் சொல்ல ஆசிரியர்களைவிட பிளஸ் ஒன் பிள்ளைகள் மேல். எக்ஸ்ப்ளோரடோரியத்தில் பள்ளி மாணவர்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள், பெங்களூரு சயின்ஸ் கேலரியிலும் இளைஞர்கள்தான் பார்வையாளரோடு பேசுகிறார்கள். மனப்பாடம் செய்ய விடாதீர்கள். "இந்த அடைப்பைத் தூக்கினா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்கப் பழக்கினால் போதும்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஒரு பலகையில் 60 சொல்லுக்கு மேல் வேண்டாம். பளபளக்கும் ஃபிளெக்ஸில் டியூப்லைட் பட்டால் பாதி எழுத்து தெரியாது, மேட் தாளே நல்லது. அச்சுக்குக் கொடுக்கும் முன் சாதாரணத் தாளில் எடுத்து ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி ஒரு பாட்டியை நிற்க வைத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வழி விடுங்கள். பழைய ஓலை, போட்டோ எல்லாம் நகல் மட்டும் போதும், ஜன்னல் வெயிலில் அசலை வைத்துக் கெடுக்க வேண்டாம்.

தேதியை இன்னும் குறிக்கவில்லை என்றால் பொங்கல் முடிந்த கையோடு வையுங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாயில் தண்ணீர் இருக்கும், பொதுத்தேர்வும் நெருங்கியிருக்காது. இரவு எட்டரை வரை திறந்து வையுங்கள், வேலை முடிந்து வருகிறவர்கள் அப்போதுதான் வருவார்கள். கண்காட்சிக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே அந்த இரண்டு தொட்டியையும் செய்து முடித்து, தெருப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள், எங்கே உடைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.