தாய்மாமன் மேடை ஏற வேண்டாமா?

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆடியில் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டது, பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது. ஆனால் எதற்கும் ‘அதான்... அதான்’ என்றுதான் வாயில் வருகிறது. அஃபேசியா என்றார் டாக்டர். தை மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். இவர்தான் தாய்மாமன். நாத்தனார் கட்டாயம் வரச் சொல்கிறார். எல்லார் முன்னாலும் அப்பா தவிக்க வேண்டாம் என்கிறான் மகன். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று எனக்கும் பயம். நாங்கள் மட்டும் போய்ச் சீர் வைத்துவிட்டு வந்துவிடலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: நாத்தனார் சொல்வதை எழுதியிருக்கிறீர்கள், மகன் சொல்வதை எழுதியிருக்கிறீர்கள். தாய்மாமன் என்ன சொல்கிறார்? கேட்டீர்களா அம்மா?

பேச முடியாதவரிடம் எப்படிக் கேட்பது என்பீர்கள். ஒரு முழுத்தாளில் பெரிய எழுத்தில் ‘போகலாம்’, ‘தாலி கட்டும் வரை மட்டும்’, ‘வேண்டாம்’ என்று எழுதுங்கள். ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி வாசியுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுவது ரொம்ப நேரம் போலத்தான் இருக்கும், எண்ணுங்கள். அவர் ‘போகலாம்’ என்பதைத் தொட்டால், “அப்போ வேண்டாமா?” என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குக் கையை ஆட்டி மறுத்தால்தான் பதில் உறுதி. இந்தக் கோளாறில் சிலருக்கு ஆமாமும் இல்லையும் இடம் மாறி வரும். வெறும் தலையாட்டலை நம்ப முடியாது.

பாரிஸில் 1861-இல் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு வாயில் வந்தது பெரும்பாலும் ‘டான்’ என்ற ஒரே ஓசைதான். கேட்டதெல்லாம் ஏறக்குறைய புரிந்தது, கையசைத்தே பதில் சொன்னார். உங்கள் வீட்டு ‘அதான்’ அந்த ‘டானு’க்குத் தம்பி. மூளையில் சொல்லை எடுத்துத் தரும் இடம்தான் அடிபட்டிருக்கிறது. மருமகள் யார், எந்த முறைக்கு யார் மாலை போட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

இருபத்து நான்கு வருடமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். ஆனாலும் என் சொந்தச் சித்தப்பாவிடம் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வந்த முதல் விசேஷம், பந்தியில் பக்கத்தில் நான். “சம்... சம்...” என்றார். உடனே நான் பெரிய நிபுணி மாதிரி, “இங்கே சாம்பார்!” என்று குரல் கொடுத்தேன். இலையில் சாம்பார் விழுந்தது. சித்தப்பா மறுபடியும் “சம்...” என்றார். இன்னொரு கரண்டி. மூன்றாவது தடவை இலையையே மடித்து எழுந்துவிட்டார். எதிர்ப் பந்தியில் சம்பந்தி தனியாக உட்கார்ந்திருந்தார், அவரை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறார் மனிதர்! அன்று என் கைப்பையில் பேனா இருந்தது, தாளும் இருந்தது. எடுக்கத்தான் தோன்றவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கல்யாணத்துக்குள் அவரைப் பேச வைக்க மல்லுக்கட்டாதீர்கள். பயிற்சி தேவைப்படுவது உறவுக்காரர்களுக்கு. டொரொண்டோவில் ஆரா கேகன் என்ற பேச்சு நிபுணரும் குழுவினரும் 2001-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நோயாளிகளை விட்டுவிட்டு, அவர்களோடு உரையாட வந்த தன்னார்வலர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எதிரே இருப்பவருக்குப் பேசத் தெரிந்ததும், எந்தப் பயிற்சியும் பெறாத நோயாளிகளின் உரையாடலும் மேம்பட்டது.

நாத்தனாருக்கும் முக்கியமான நாலைந்து பேருக்கும் முன்கூட்டியே போன் போடுங்கள். காது நன்றாகக் கேட்கிறது, கத்த வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர் பேசட்டும். அவர் முன்னாலேயே உங்களைப் பார்த்து, “அவருக்குக் காபி வேணுமா?” என்று கேட்கிறவர்களை, “அவரையே கேளுங்க” என்று திருப்பிவிடுங்கள். கோபிப்பார்கள், பரவாயில்லை. மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பக்கத்தில் நாற்காலி போடாதீர்கள். சத்தத்தில் இருக்கிற நாலு சொல்லும் ஓடிவிடும். ஓய்வெடுக்க ஓர் அறை கேட்டு வையுங்கள், இவர்கள் சீக்கிரம் களைத்துப்போவார்கள்.

வரவேற்பு மேஜையில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் இருக்குமே, அவருக்கு விருப்பமிருந்தால் அங்கே உட்காரட்டும். சந்தனம் நீட்டிச் சிரித்தால் வரவேற்பு முடிந்தது, வார்த்தையே வேண்டாம். மாலை போடுவதற்கும் அப்படித்தான். மொய் நோட்டை மட்டும் காசாளர் ஆயிற்றே என்று கையில் திணிக்காதீர்கள். அஃபேசியாவில் எண்களும் குழம்பலாம். வீட்டில் எண்ணிப் பார்க்கச் சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள்.

தாளில் அவர் ‘வேண்டாம்’ என்பதைத் தொட்டால்? சரி, அதுவும் பதில்தான். அப்போது மணமக்களை மறுவீட்டுக்கு உங்கள் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் கை கால் நன்றாக இருக்கிறது, பேச்சு மட்டும் போய்விட்டது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்காது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?
- வாசகர், கரூர்

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் பழைய சட்டத்தில் இருக்கிறார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. அதன் விளக்கத்தில் அஃபேசியா என்ற பெயரே இருக்கிறது. நிரந்தரக் குறைபாடாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, பேச்சுப் பயிற்சியாளரின் அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே டாக்டர் கேட்பதற்கெல்லாம் நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். அவர் சோதிக்க வேண்டியது அப்பாவின் பேச்சை.