சும்மா கிடக்கும் இயந்திரமும் எத்தனால் பெட்ரோலும்

கேள்வி: டூ ஸ்ட்ரோக் புல்வெட்டும் இயந்திரம் வைத்திருக்கிறேன். சில மாதங்கள் சும்மா கிடந்தது. இப்போது கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால்தான் காரணம் என்கிறார் மெக்கானிக். எத்தனால் இல்லாத பெட்ரோலை எப்படிக் கண்டுபிடிப்பது? பிரீமியம் பெட்ரோல் போட்டால் போதுமா?

பதில்: பிரீமியம் என்று நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு ஆக்டேனுக்கு, அதாவது இன்ஜினில் தட்டல் வராமல் தாங்கும் திறனுக்கு. ஆக்டேனை ஏற்ற எத்தனாலையே சேர்ப்பதும் உண்டு. ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள். பம்பில் இ10, இ20 என்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்தான் எத்தனாலின் உச்ச சதவீதம்.

ஒட்டாவிட்டால் நீங்களே சோதிக்கலாம். அளவுக்கோடு போட்ட 100 மில்லி கண்ணாடிக் குடுவையில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, தெளியவிடுங்கள். எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். கீழடுக்கு 10 கோட்டிலேயே நின்றால் எத்தனால் இல்லை. 18, 19 வரை ஏறினால் அது இ10. வெட்டவெளியில், நெருப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள். சோதித்த பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றவேண்டாம்.

இதே முறையில் கேன் கேனாகப் பெட்ரோலைக் கழுவி எடுக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அதில் ஆக்டேன் இறங்கிப்போகும். பெட்ரோல் நாற்றமடிக்கும் அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது? விமானப் பெட்ரோலில் எத்தனால் இல்லைதான். ஆனால் 100எல்எல் வகையில் ஈயம் இருக்கிறது. புல்வெட்டும்போது அந்தப் புகையைச் சுவாசிக்கப்போவது நீங்கள். படகுகளுக்கு எரிபொருள் நிரப்பும் இடங்களிலும், மரம் அறுக்கும் ரம்பம் விற்கும் கடைகளிலும் விசாரியுங்கள். சீலிட்ட கேனில் வரும் அல்கைலேட் பெட்ரோல் (எத்தனால் சேராத, சுத்தமான வகை) கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். விலை அதிகம், ஆனால் வருடக்கணக்கில் கெடாது.

இத்தனையும் சொன்னாலும், வாராவாரம் ஓடும் இயந்திரத்துக்கு இந்தத் தேடல் வீண் என்பதே என் கட்சி. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 10 சதவீதம் வரை அனுமதிக்கிறார்கள். அதற்கு மேல் என்றால் கையேட்டைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். கெடுதல் எல்லாம் கிடப்பில் போடுவதால் வருவது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். இ10 பெட்ரோலில் தண்ணீர் ஏறக்குறைய அரை சதவீதம் சேர்ந்தாலே எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். உறிஞ்சு குழாயின் முனை கிடப்பதும் அங்கேதான்! இயந்திரம் தேயாமலிருக்க நீங்கள் அளந்து கலந்த 2டி ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடுகிறது. அந்த நிலையில் எப்படியோ ஸ்டார்ட் ஆகி ஓடினால், எண்ணெய்ப் பசையில்லாமல் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். உங்களுடையது ஸ்டார்ட் ஆகாததும் ஒரு வகையில் நல்லதே.

இனி சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, இயந்திரம் தானாக அணையும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள். இப்போதைக்குப் பழைய பெட்ரோலை முழுவதும் வடித்து, டியூப் விறைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கிளீனர் அடிக்கச் சொல்லுங்கள். ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் நுண்துளையுள்ள பித்தளைத் துண்டு) அடைப்பு என்று மெக்கானிக் கம்பியை எடுத்தால் மட்டும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பித்தளை மெத்தென்ற உலோகம். துளை கொஞ்சம் அகன்றாலும் பெட்ரோல் கூடுதலாகப் பாயும், பிளக் கரிபிடித்துக்கொண்டே இருக்கும்.