பெண் அதிகாரிக்குக் கடிதம் எழுதத் தரகர் எதற்கு?

கேள்வி: நாங்கள் திருகோணமலை மாவட்டத்தில் வயற்காணி செய்யும் குடும்பம். அப்பாவின் காணி அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளராக (அவருக்குப் பின் காணிக்கு உரியவராக) என் பெயரைப் பதியுமாறு கேட்டுப் பிரதேச செயலாளருக்கு நான் கடிதம் கொடுக்க வேண்டும். அங்கே இப்போது ஒரு பெண் அதிகாரி புதிதாக வந்திருக்கிறார். மணமானவரா இல்லையா என்று தெரியாது. திருமதி என்று போடுவதா, செல்வி என்று போடுவதா, மேடம் என்று எழுதலாமா? கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) பக்கத்தில் கடிதம் தட்டச்சுச் செய்து கொடுக்கும் ஒருவர், "முறையான விளிப்பு இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கௌரவ என்றுதான் தொடங்க வேண்டும், எல்லாம் நானே எழுதித் தருகிறேன்" என்று 2500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நிருவாகக் கிளையில் வேலை செய்த காலம் முழுவதும் என் மேசைக்கு எத்தனையோ விதமான கடிதங்கள் வந்தன. கொப்பித் தாளைக் கிழித்து எழுதியவை வந்தன. "மகாராணி அம்மையார் சமுகத்துக்கு" என்று தொடங்கியதுகூட ஒன்று வந்தது. விளிப்புப் பிழை என்பதற்காக ஒரு கடிதமும் திரும்பிப் போகவில்லை. கடிதங்கள் திரும்புவதும் தொலைவதும் வேறு காரணங்களால். அவற்றுக்குப் பின்னர் வருகிறேன்.

உங்கள் கடிதம் பதவிக்குப் போகிறது. அந்தக் கதிரையில் இன்று அமர்ந்திருப்பவர் பெண், நாளை ஆணாக இருக்கலாம். ஆகவே உறையிலும் கடிதத்தின் இடப்பக்க மேல் மூலையிலும் மூன்றே வரிகள் போதும். பிரதேச செயலாளர், அடுத்த வரியில் பிரதேச செயலகம், அதற்கடுத்து ஊர்ப்பெயர். பெயர் வேண்டாம். திருமதியும் வேண்டாம், செல்வியும் வேண்டாம். பதவிப் பெயரைப் பெண்பாலாக்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் வேண்டாம். செயலாளர் என்றால் செயலாளர்தான். பெயர் எழுதிய உறையைச் சொந்தக் கடிதம் என்று நினைத்துத் தபால் பிரிவில் திறக்காமல் வைத்துவிடுவார்கள். இடையில் அவருக்கு இடமாற்றம் வந்தால், உங்கள் காணிக் கடிதம் அவருக்குப் பின்னாலேயே அடுத்த மாவட்டத்துக்குப் பயணம் போகும்.

உள்ளே, விடயத் தலைப்புக்கு மேலே, "அம்மணி," என்று ஒரு சொல். அவ்வளவுதான். அதிகாரி பெண் என்று நிச்சயமாகத் தெரியாதபோது "ஐயா/அம்மணி," என்று எழுதுங்கள். அம்மணி என்பது பழைய பாணி என்று இளையவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். மணமானவரையும் ஆகாதவரையும் அது ஒன்றாகவே மதிக்கிறது, வயதையும் கேட்பதில்லை. "மதிப்புக்குரிய அம்மணி" என்று எழுதினாலும் குறையில்லை. மேடம் என்பது வாயால் சொல்வதற்கு, தாளில் வேண்டாம்.

பெயர் போட்டே ஆக வேண்டிய இடம் ஒன்றுண்டு: அழைப்பிதழ், பாராட்டு மடல் போன்றவை. அதற்கும் ஊகம் தேவையில்லை. அந்த அலுவலகத்திலிருந்து அண்மையில் வந்த எந்தக் கடிதத்தையாவது கையில் எடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். கையொப்பத்தின் மேல் ஊதா மையில், சற்றுச் சாய்ந்து, இறப்பர் முத்திரை ஒன்று விழுந்திருக்கும். அதில் அவர் தன் பெயரை எப்படி எழுதுகிறார், முன்னால் ஏதாவது போடுகிறாரா, பதவி முழுமையாக என்ன, அவர் பதில் கடமை (தற்காலிகப் பொறுப்பு) பார்ப்பவரா என்பதெல்லாம் இருக்கும். அதை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுங்கள். திருமதி என்று அவரே போட்டிருந்தால் நீங்களும் போடுங்கள். ஒன்றும் போடாவிட்டால் பெயரை எழுதி, அடுத்த வரியில் "பிரதேச செயலாளர் அவர்கள்" என்று முடியுங்கள். வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையை மட்டும் நம்பாதீர்கள். அதிகாரி மாறி மாதக்கணக்காகியும் பழைய பெயரே தொங்கும் பலகைகளை நான் வேண்டிய அளவு பார்த்திருக்கிறேன்.

நம் மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். மூன்று சமூகத்தவரும் அதிகாரிகளாக வருவார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முஸ்லிம் பெண் அதிகாரிகளை மேடைகளிலும் மடல்களிலும் ஜனாபா என்று குறிப்பிடுவது வழக்கம். திருமதி என்றே போடுபவர்களும் உண்டு. அங்கேயும் முத்திரையே வழிகாட்டி. சுகாதார வைத்திய அதிகாரி என்றால் பெயருக்கு முன் வைத்தியர். பிஎச்.டி. பட்டம் பெற்றவர் என்றால் கலாநிதி. இரண்டையும் மாற்றிப் போட்டால்தான் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. நீதிமன்றம் தனி உலகம், அங்கே உங்களுக்காகச் சட்டத்தரணி பேசுவார், அதை விட்டுவிடுவோம்.

ஆனால் ஒன்றை விட முடியாது, ஏனென்றால் இதில் படித்தவர்களே தடுக்கி விழுகிறார்கள். சில பாடசாலைகளில் கன்னியாஸ்திரிகள் அதிபர்களாக இருந்திருக்கிறார்கள். பிள்ளையின் அனுமதிக்கோ விடுகைப் பத்திரத்துக்கோ எழுதும்போது மணமாகாதவர் என்று கணக்குப் போட்டுச் செல்வி என்கிறார்கள். அது தவறு. சிலர் மரியாதை என்று நினைத்துத் திருமதி என்கிறார்கள். அது பெருந்தவறு. பெயருக்கு முன் அருட்சகோதரி. அதற்கு முன்னோ பின்னோ வேறு ஒன்றும் சேர்க்கக் கூடாது. "திருமதி அருட்சகோதரி" என்று தங்க எழுத்தில் அச்சடித்த பரிசளிப்பு விழா அழைப்பிதழ் ஒன்று என் கைக்கு வந்தது. அச்சகக்காரரும் பார்த்திருக்கிறார், விழாக்குழுவும் பார்த்திருக்கிறது, ஒருவருக்கும் உறுத்தவில்லை. துறவறப் பெயரைச் சுருக்கவும் கூடாது. அவர் இரண்டு பெயர் எழுதினால் இரண்டையும் எழுதுங்கள். உறையில் மட்டும் பழைய விதிதான்: அதிபர், பாடசாலைப் பெயர், ஊர். உள்ளே "மதிப்புக்குரிய அருட்சகோதரி அவர்களுக்கு". பேசும்போது சிஸ்டர் என்றால் போதும்.

இனி அந்த "கௌரவ". அமைச்சர், பாராளுமன்ற உறுப்பினர் போன்ற அரசியற் பதவிகளுக்குப் போடுவது அது. ஜனாதிபதிக்கு அதிமேதகு. சம்பளம் வாங்கும் அரச உத்தியோகத்தருக்கு இரண்டும் கிடையாது. போட்டால் குற்றமில்லை, ஆனால் கடிதத்தைத் திறக்கும் எழுதுவினைஞருக்கு இது எந்தக் கடையில் தயாரானது என்று உடனே தெரிந்துவிடும்.

இந்தக் கடைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேர்மையாகப் பக்கத்துக்கு இவ்வளவு என்று தட்டச்சுச் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு வழக்கில்லை. நான் சொல்வது மற்றவர்களை. அவர்கள் விற்பது பயத்தை. "மேடம் கண்டிப்பானவர்", "எனக்கு உள்ளே ஆளைத் தெரியும்", "இந்தச் சொல் இல்லாவிட்டால் கோப்பு நகராது" என்பார்கள். உள்ளே இலவசமாகக் கிடைக்கும் விண்ணப்பப் படிவத்தைப் பிரதி எடுத்து வெளியே விற்பார்கள். கடிதமாவது ஒழுங்காக இருக்குமா? இணையத்திலிருந்து தமிழ்நாட்டு மாதிரியை எடுத்து அப்படியே ஒட்டுகிறார்கள். "உயர்திரு வட்டாட்சியர் அவர்கள், திருகோணமலை" என்று முகவரியிட்ட கடிதம் ஒன்றை ஒரு முதியவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். இலங்கையில் வட்டாட்சியரும் இல்லை, ஆட்சியரும் இல்லை. நமக்கு மாவட்டச் செயலாளர், அவரையே அரசாங்க அதிபர் என்றும் சொல்கிறோம். அவருக்குக் கீழே பிரதேச செயலாளர், உதவிப் பிரதேச செயலாளர், கிராம உத்தியோகத்தர். அந்த முதியவர் அந்தத் தாளுக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்திருந்தார்.

உங்கள் ஆள் கேட்ட 2500 ரூபாயில் முக்கியமான பிழை ஒன்றும் அடக்கம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரம் என்றால், பின்னுரித்தாளரைப் பெயர் குறிப்பது அனுமதிப்பத்திரக்காரரின் உரிமை. அப்பா இருக்கும்போது நீங்கள் உங்கள் பெயரைப் பதியச் சொல்லி எழுதுவதில் பொருளில்லை. அப்பாவே எழுதி, அப்பாவே கையொப்பமிட வேண்டும். அம்மணிக்குப் பதில் அம்மா என்று எழுதினாலும் வேலை நடக்கும். கையொப்பம் ஆள் மாறினால் நடக்காது. இதை அவர் உங்களுக்குச் சொன்னாரா?

கடிதங்கள் தொலைவதற்குக் காரணம் சொல்வதாகச் சொன்னேன். அரச கடிதத்தின் தலையில் "எனது இல.", "உமது இல." என்று இரண்டு இடங்கள் இருக்கும். முன்பு அவர்களிடமிருந்து காணி பற்றி ஏதாவது கடிதம் வந்திருந்தால், அதில் "எனது இல." என்ற இடத்தில் உள்ளதை உங்கள் கடிதத்தில் "உமது இல." என்று எழுதுங்கள். கோப்பைக் கண்டுபிடிப்பது அந்த இலக்கத்தால்தான். அனுமதிப்பத்திர இலக்கம், அப்பாவின் தேசிய அடையாள அட்டை இலக்கம், திகதி, தொலைபேசி இலக்கம் இவையும் வேண்டும். இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். குத்த மாட்டோம் என்றால் வாதாடாமல் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

தமிழிலேயே எழுதுங்கள், அதிகாரி எந்த மொழி பேசுபவராக இருந்தாலும். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. சிங்கள அதிகாரி என்பதால் மொழிபெயர்ப்புக்கு வேறு தனியாகக் காசு கேட்கும் தரகர்களும் இருக்கிறார்கள். அது அலுவலகத்தின் வேலை, உங்களுடையதல்ல.

நேரில் போனால் மேடம் என்றோ மிஸ் என்றோ பேசுங்கள். அக்கா, தங்கச்சி வேண்டாம். அப்பாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இளம் பெண்ணைக் கண்டதும் "பிள்ளை" என்று வாயில் வந்துவிடும். அன்பால் வருவதுதான். ஆனால் பக்கத்து அறையில் அதே வயது ஆண் அதிகாரியை அவர் சேர் என்றுதானே கூப்பிடுகிறார்?

பொதுமக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1960 இல் உலகின் முதல் பெண் பிரதமரைக் கண்ட நாடு இது; 1994 இல் ஒரு பெண் ஜனாதிபதியானார். இருந்தும் "ஐயா" என்று மட்டும் அச்சடித்த படிவங்கள் இன்னும் புழங்குகின்றன. விண்ணப்பதாரர் அந்தச் சொல்லைப் பேனாவால் வெட்டி மேலே அம்மணி என்று எழுத வேண்டியிருக்கிறது. மாதிரிக் கடிதம் ஒன்றைத் தட்டச்சுச் செய்து அறிவித்தற் பலகையில் ஒட்டுவதற்கு எவ்வளவு செலவாகும்? ஒட்டினால் வாசலில் இருக்கும் தரகர்களில் பாதிப்பேர் வேறு தொழில் தேட வேண்டியிருக்கும்.

கடிதம் கொடுத்து நெடுநாளாகியும் பதில் இல்லை என்றால் தரகரிடம் திரும்பிப் போகாதீர்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இன்ன திகதியில் கொடுத்த கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்டு அதே அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வாங்கியதற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும், தகவலைத் தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை "தகவல் அலுவலர்" என்று முகவரியிட்டால் போதும்.