வேர்க்கடலை: எப்ப ஊட்டணும், எப்ப ஒதுக்கணும்?

குழந்தை நல டாக்டர் பதில்கள்

கேள்வி: பையனுக்கு அஞ்சரை மாசம் ஆகுது டாக்டர். ரெண்டாவது மாசத்துலருந்தே கன்னத்துலயும் முழங்கை மடிப்புலயும் கரப்பான், ஆயின்மென்ட் போட்டா அடங்குது, விட்டா திரும்ப வருது, ராத்திரி சொறிஞ்சு சொறிஞ்சு தூங்கறதே இல்ல. மூணு வயசு வரைக்கும் கடலைய கண்ணுலயே காட்டாதேன்னு மாமியார் சொல்றாங்க, அக்கா இப்பவே குடுங்கறா. யார் சொல்றத கேக்கறது? (வாசகி, தாராபுரம்)

பதில்: மாமியார் மேல கோவப்படாதீங்க. 2000ல அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கமே அலர்ஜி வர வாய்ப்புள்ள குழந்தைக்கு 3 வயசு வரை வேர்க்கடலை வேண்டாம்னுதான் சொல்லிச்சு. 2008ல அதுக்கு போதுமான ஆதாரம் இல்லன்னு கைவிட்டுட்டாங்க. அந்த வருஷமே லண்டன்ல கிடியான் லேக்ங்கற டாக்டரோட குழு ஒண்ண கவனிச்சுது, பிரிட்டன்ல வளர்ற யூத குழந்தைங்களுக்கு இஸ்ரேல் குழந்தைங்கள விட சுமார் 10 மடங்கு அதிகமா கடலை அலர்ஜி இருந்துச்சு, ரெண்டு பேருக்கும் வம்சம் ஒண்ணுதான். ஆனா இஸ்ரேல்ல ஒரு வயசுக்கு முன்னாடியே பம்பான்னு வாயில கரையற கடலை பஃப்ஸ் குடுத்துடுவாங்க, பிரிட்டன்ல பெரும்பாலும் ஒரு வயசு வரைக்கும் கடலை பக்கமே போகமாட்டாங்க.

அதுக்கப்புறம் 4லருந்து 11 மாசத்துக்குள்ள இருந்த 640 குழந்தைங்கள, எல்லாமே தீவிர கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த குழந்தைங்க, ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு கடலை குடுத்தாங்க, இன்னொரு பாதிக்கு குடுக்கவே இல்ல. 5 வயசுல பாத்தா குடுக்காத பக்கம் 100க்கு 17 பேருக்கு அலர்ஜி, குடுத்த பக்கம் 100க்கு 3 பேருக்குத்தான். 2015ல ரிசல்ட் வந்துச்சு, உலகமே பேச்ச மாத்திக்கிச்சு. அதனால அக்கா சொல்றதுதான் சரி, ஆனா உங்க பையன் விஷயத்துல ஒரு படி முன்னாடி இருக்கு.

கரப்பான் வந்த தோல்ல கண்ணுக்கு தெரியாத வெடிப்பு இருக்கும். வீட்டுல கடலை வறுக்கற தூசி, யாரோ சட்னி தொட்ட கை எல்லாம் அது வழியா உள்ள போனா உடம்பு கடலைய எதிரின்னு முடிவு பண்ணிடும், அதே கடலை முதல்ல வாய் வழியா வயித்துக்கு போனா சாப்பாடுன்னு பழகிக்கும். இப்போதைக்கு நம்பிக்கையான விளக்கம் இதுதான். அதனால தோல சரி பண்றதும் வைத்தியத்துல பாதி. குளிச்சு ஈரம் காயறதுக்குள்ள மாய்ச்சரைசர் தடவுங்க, டாக்டர் எழுதின ஆயின்மென்ட்ட ஸ்டீராய்டுன்னு பயந்து பாதியில நிறுத்தாதீங்க, கடலை எண்ணெய் தேய்ச்சு குளிப்பாட்டவே கூடாது.

நீங்க சொல்றது லேசான கரப்பான் மாதிரி தெரியல. அதனால வீட்டுல ஆரம்பிக்காம முதல்ல டாக்டர்ட்ட காட்டி தோல் டெஸ்ட்டோ ரத்த டெஸ்ட்டோ பாத்துட்டு, அவர் சரின்னா குடுங்க, தேவைப்பட்டா முதல் வாய அவர் முன்னாடியே ஊட்டலாம். நான் சொன்ன அந்த ஆராய்ச்சியிலயே தோல் டெஸ்ட்ல குத்தின இடம் பெருசா வீங்கின குழந்தைங்கள ஆரம்பத்துலயே விலக்கிட்டாங்க. லேசான கரப்பான் உள்ள குழந்தையா இருந்தா ஆறு மாசம் வாக்குல, மத்த சாப்பாடு பழகினதும், வீட்டுலயே ஆரம்பிக்கலாம்.

எப்படி குடுக்கறதுன்னா, பூஞ்சை, கசப்பு இல்லாத நல்ல கடலையா பொறுக்கி வறுத்து தோல் எடுத்து வெண்ணெய் மாதிரி அரைச்சு, வெந்நீரோ தாய்ப்பாலோ விட்டு தளர கரைச்சு கூழ்லயோ மசிச்ச பழத்துலயோ கலந்துக்கோங்க. சளி காய்ச்சல் இல்லாத நாளா பாத்து காலையில ஊட்டுங்க, ராத்திரி வேண்டாம். முதல்ல ஸ்பூன் நுனியில கொஞ்சம், பத்து நிமிஷம் பொறுத்து ஒண்ணும் இல்லன்னா மீதி, அப்புறம் ரெண்டு மணி நேரம் குழந்தை மேல கண்ணு இருக்கட்டும். ஒத்துக்கிட்டா அரைச்ச விழுது 2 டீஸ்பூன் அளவு வாரத்துக்கு மூணு தடவை தொடர்ந்து குடுக்கணும். நிறைய பேர் ஒரு தடவை குடுத்து பாத்துட்டு மறந்துடறாங்க, அது போதாது. முழு கடலை மட்டும் 5 வயசு வரைக்கும் கையில குடுக்காதீங்க, மூச்சுக்குழாய்ல போய் அடைச்சுக்கும், அதுக்கு அலர்ஜியே வேண்டாம்.

கேள்வி: பொண்ணுக்கு மூணு வயசு. ஸ்கூல்ல யாரோ பர்த்டேக்கு குடுத்த கடலை மிட்டாய் சாப்பிட்டு பத்து நிமிஷத்துல உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்பு, ரெண்டு தடவை வாந்தி. பக்கத்து கிளினிக்ல சிரப் குடுத்தாங்க, சாயங்காலம் நார்மல். கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடுமா? (வாசகர், ஆவடி)

பதில்: வேண்டாம் சார், தயவுசெஞ்சு வீட்டுல டேஸ்ட் காட்டி பாக்காதீங்க. முதல் கேள்விக்கு நான் சொன்னது அலர்ஜி வராத குழந்தைக்கு, உங்க பொண்ணுக்கு வந்தாச்சு. தோல்ல தடிப்பு, அதோட வாந்தி, இப்படி உடம்புல ரெண்டு இடத்துல ஒரே நேரத்துல வந்தா அது அனாபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தாகக்கூடிய கடுமையான அலர்ஜி, சாதாரண அரிப்பு இல்ல. இந்த தடவை தானா அடங்கிடுச்சு, அடுத்த தடவையும் இதே அளவுல நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

செட்ரிசின் மாதிரி சிரப் அரிப்ப குறைக்கும், அடைக்கற தொண்டைய திறக்காது, விழற பிரஷர தூக்காது. அந்த நேரத்துல உயிர காப்பாத்தறது அட்ரினலின் ஊசிதான், தொடையோட வெளிப்பக்க சதையில போடணும், எடைக்கு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். வெளிநாட்டுல பேனா மாதிரி ரெடிமேடா கிடைக்கறது நம்ம மெடிக்கல் ஷாப்ல சாதாரணமா கிடைக்காது, அதனால அலர்ஜி டாக்டர பாத்து, மருந்தும் சிரிஞ்சும் வீட்டுல வெச்சுக்கணுமா, எத்தன பாயிண்ட் ஏத்தணும்னு எழுதி வாங்கி அவர் முன்னாடியே செஞ்சு பழகிக்கோங்க. குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ, துவண்டு போனாலோ, திரும்ப திரும்ப வாந்தி எடுத்தாலோ ஊசி போட்டுட்டு 108க்கு அடிங்க. படுக்க வெச்சு காலை தூக்கி வைங்க, மூச்சு திணறினா மட்டும் உக்கார விடுங்க, எழுந்து நடக்க விடாதீங்க. வாந்தி வரட்டும்னு உப்புத்தண்ணி குடுக்கறது, தொண்டையில விரல் விடறது ரெண்டும் வேண்டாம். சரியான மாதிரி தெரிஞ்சாலும் சில மணி நேரம் கழிச்சு திரும்ப வரலாம், ஆஸ்பத்திரியிலயே இருங்க.

ஸ்கூல்ல சொல்லும்போது "கடலை ஆகாது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. நம்ம பேச்சுல பொட்டுக்கடலையும் கடலை, கடலைப்பருப்பும் கடலை, அதெல்லாம் கொண்டைக்கடலை வகை, டெஸ்ட் பாத்து டாக்டர் நிறுத்த சொன்னாலொழிய சும்மா நிறுத்த வேண்டாம். வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டைன்னு எல்லா பேரையும் போட்டு எழுதி குடுங்க. ஹோட்டல் சட்னி, புளியோதரை, எலுமிச்சை சாதம், மிக்சர் எல்லாத்துலயும் கேட்டு பாக்கணும், பாக்கெட்டா இருந்தா பின்னாடி அலர்ஜி விவரத்த படிக்கணும்.

பழக்கற வைத்தியமும் இருக்கு. கடலைப் பொடிய மிகச்சின்ன அளவுல ஆரம்பிச்சு மாசக்கணக்குல ஏத்துவாங்க, 2020ல அமெரிக்காவுல 4 வயசுலருந்து அனுமதிச்சு, 2024ல 1 வயசுக்கு இறக்கினாங்க. தவறி வாயில போனா தாங்கற அளவுக்கு கொண்டு வர்றதுதான் நோக்கம், டாக்டர் மேற்பார்வை இல்லாம நினைக்கவே கூடாது. அஞ்சுல ஒரு குழந்தைக்கு வளர வளர தானா விட்டும் போகுது, அதனால டாக்டர் சொல்ற இடைவெளியில மறுபடி டெஸ்ட் பாருங்க.

கேள்வி: கடலை அலர்ஜி இருக்கற குழந்தைக்கு கடலை எண்ணெய்ல சமைக்கலாமா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: அலர்ஜி பண்றது கடலையில இருக்கற புரதம். நல்லா ரீஃபைன் பண்ண எண்ணெய்ல அது அனேகமா போயிடும், செக்குல ஆட்டின எண்ணெய்ல தங்கிடும். உங்க வீட்டுல செக்கு எண்ணெய்னா குழந்தைக்கு மட்டும் தனியா தாளிச்சு பிரயோஜனம் இல்லைம்மா, அதே கரண்டி அதே சட்டிதானே, அதனால வீட்டுக்கே நல்லெண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ மாறிடுங்க.