குடலிறக்க அறுவையில் வைக்கும் வலை கரைந்துவிடுமா?

பெரம்பூரில் இருக்கும் உங்கள் தந்தைக்குக் குடலிறக்க (ஹெர்னியா) அறுவையில் வைக்கப்போகும் வலை பிறகு கரைந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வைக்கப்படும் பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் வலை கரையாது. கொசுவலையைப் போல மெல்லியதாக, கண்ணுக்குத் தெரியும் துளைகளோடு இருக்கும் அதன் இழைகளுக்கிடையே சில வாரங்களில் நம் திசுவே வளர்ந்து பிணைந்துகொள்வதால்தான் வயிற்றுச்சுவர் வலுப்பெறுகிறது. தசையை இழுத்துத் தைக்கும் பழைய முறையில் தையல் இறுக்கம் தாங்காமல் விட்டு, குடலிறக்கம் மீண்டும் வருவது அதிகம் என்பதால், 1980களில் அமெரிக்க மருத்துவர் லிக்டன்ஸ்டைன் இழுக்காமல் வலை பதிக்கும் முறையைப் பரப்பினார்.

தொற்றும் நாள்பட்ட வலியும் சிலருக்கு வரலாம். திசுவோடு ஒன்றிவிட்ட வலையை எடுப்பது கடினம். ஆகவே தொற்று வாய்ப்பைக் குறைக்கப் புகைப்பதை நிறுத்துவதும், சர்க்கரையை அறுவைக்கு முன்பே கட்டுக்குள் கொண்டுவருவதும் மிக முக்கியம் என்று கருதுகிறேன். வலையின் பெயரும் அளவும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரும்படி அவசியம் கேளுங்கள்.